கம்பளியும் கொத்தமல்லியும்: ஊவாத் தோட்டங்களில் ஜலதோஷத்தின் சரித்திரம்

நானுஓயாவிலிருந்து பதுளைக்குப் புகைவண்டியிற் போகிறவர்கள், பட்டிப்பொலை நிலையத்தைக் கடந்து, மலையின் முதுகைத் துளைத்துச் செல்லும் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவருகிற அந்தச் சிறிது நேரத்துக்குள், ஒரு தேசத்தை விட்டு மற்றொரு தேசத்துக்கு வந்துவிட்டோமோ என்று மயங்குவது உண்டு. ஆனி ஆடி மாதங்களில் சுரங்கத்துக்கு இப்புறம் சாரலும் மூடுபனியுமாக இருக்கும். அப்புறத்திலோ, ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் வெயிலிற் காய்ந்து கிடக்க, மேற்குச் சரிவுகளிலே தன் நீரையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு மலையைத் தாண்டி இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, வறண்ட கச்சானாக வந்து முகத்தில் அறையும். ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். அப்பொழுது வடகிழக்குப் பருவமழையின் முறை. பசறையும் மடுல்சீமையும் லுணுகலையும் நமுனுகுலை மலையடிவாரமும் நாட்கணக்கில் நனைந்துகொண்டே இருக்கும். ஆகவே ஊவாத் தோட்டத்து மனிதரின் மூக்குக்கு வருஷத்தில் இரண்டு சோதனைக் காலங்கள்: ஒன்றில் காற்று அதை உலர்த்தி எரியச் செய்யும், மற்றொன்றில் மழை அதை ஒழுகச் செய்யும்.

அந்தக் கச்சான் காற்றுக்கு உலகச் சந்தையிலே ஒரு தனி மதிப்பு உண்டு. ஆடி தொடங்கிப் புரட்டாசி வரையில், காற்றின் வறட்சி தாளாமல் தேயிலைச் செடி தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிற அந்தப் பருவத்தில், கொழுந்துக்குள் ஒரு வாசனைப் பொருள் கூடுகிறது. இரசாயன சாஸ்திரிகள் அதற்கு மெதைல் சலிசிலேற்று என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஊவாத் தேயிலைக்கு மட்டும் உரியதென்று வியாபாரிகள் மெச்சுகிற அந்தக் குளிர்ந்த பரிமளத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. தலைவலிக்கும் சுளுக்குக்கும் நாம் தேய்த்துக்கொள்ளும் தைலங்கள் பலவற்றில் மூக்கைத் துளைக்கும் வாசனையும் அதே பொருளின் வாசனைதான். பகலெல்லாம் அந்தப் பரிமளத்தைக் கொழுந்தாகக் கிள்ளிக் கூடையில் இட்டு ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு, மாலையில் லயத்துக்குத் திரும்பி, அதே பரிமளத்தைக் கடைத் தைலமாக விலைக்கு வாங்கி நெற்றியிலும் மார்பிலும் பூசிக்கொண்டு படுத்த ஸ்திரீகள் ஊவாவில் எத்தனையோ பேர். இந்த விசித்திரத்தை எந்தத் தேயிலைச் சரித்திரமும் எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரித்திரம் எழுதுகிறவர்களுக்குப் பெரிய வியாதிகளின்மேலேதான் கண். வாந்திபேதிக்கும் வைசூரிக்கும் பிளேக்குக்கும் சட்டங்கள் இருக்கின்றன, முகாம்கள் இருக்கின்றன, ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. கொக்கிப்புழுவை ஒழிக்க 1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கடல் கடந்து வந்தார்கள். 1934–35இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாவைப் பற்றிப் புத்தகங்கள் பல உண்டு. ஜலதோஷத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதனால் நேராக ஒருவரும் சாகவில்லை. ஆகையால் அதை ஒருவரும் எண்ணவில்லை. ஆனால், ஒரு ஜனசமூகம் எப்படி வாழ்ந்தது என்பதை அறிய விரும்புகிறவன், எப்போதோ வந்து போகிற கொள்ளைநோயைக் காட்டிலும், வருஷந்தோறும் வீட்டுக்கு வருகிற இந்தச் சிறு வியாதியைக் கேட்டால் அதிகமாகத் தெரிந்துகொள்வான் என்பது என் அபிப்பிராயம்.

அதன் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டிலே ஜலதோஷம் என்றும் நீர்க்கோவை என்றும் சொல்வார்கள். நீரால் வந்த தோஷம், நீர் கோத்துக்கொண்ட நிலை என்று இரண்டு பெயரும் நீரின்மேலேயே பழியைப் போடுகின்றன. யாழ்ப்பாணத்தார் தடிமன் என்பார்கள். தலை தடித்துக் கனத்துப்போன அவஸ்தை அந்தச் சொல்லிலே இருக்கிறது. ஊவாவின் சிங்களக் கிராமத்தார் அதை ஹெம்பிரிஸ்ஸாவ என்கிறார்கள். தோட்டத்திலோ, வந்தவர்கள் பல ஊரார் ஆகையால், சளி என்றும் தடுமல் என்றும் சலதோசம் என்றும் ஒரே லயத்தில் மூன்று பெயரையும் கேட்கலாம். பெயர் எதுவானாலும் காரணம் ஒன்றே என்று எல்லோரும் நம்பினார்கள்: மழையில் நனைந்தது, பனியில் நின்றது, ஈரத்தலையோடு படுத்தது.

இந்த நம்பிக்கையோடு வந்தவர்கள் வறண்ட சமவெளியின் மக்கள். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களின் வெப்பத்திலே பிறந்து வளர்ந்தவர்களைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தது கோப்பிக்காக. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியிலே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதை முதன்முதலாகக் கண்டார்கள். இருபது வருஷத்துக்குள் அந்த இலைநோய் இலங்கையின் கோப்பியை அழித்துவிட, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று; 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே டம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார்; 1894இல் புகைவண்டி பண்டாரவளைக்கும், மேலும் முப்பது வருஷம் கழித்து 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் இருந்த முகாம்களிலே, கடல் கடக்கப் போகிறவர்களைத் தடுத்து வைத்து, வைசூரியும் வாந்திபேதியும் உண்டோ என்று பரிசோதித்தார்கள். மூக்கு ஒழுகியதற்காக ஒருவரும் நிறுத்தப்படவில்லை, நிறுத்தியிருக்கவும் முடியாது. பண்டத்தோடு பண்டமாக, ஜலதோஷமும் துண்டில் பெயர் எழுதப்படாமலே மலை ஏறியது.

ஊவாவின் சீதோஷ்ணம் உடம்புக்கு ஆகாதது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பண்டாரவளையின் காற்றைத் தோட்டத்துரைமார் ஒளஷதமாக மதித்தார்கள். காய்ச்சலில் இளைத்தவர்கள் தேறுவதற்கு அங்கே வந்து தங்கினார்கள். தென்னாப்பிரிக்க யுத்தத்திலே பிடிபட்ட போயர்கள் சுமார் ஐயாயிரம் பேரை 1900ஆம் ஆண்டில் தியத்தலாவையிலே காவலில் வைத்தபோதும் அந்த இடத்தின் ஆரோக்கியம் பேசப்பட்டது. ஒரே மலை, ஒரே காற்று. பங்களாவில் இருந்தவருக்கு அது சஞ்சீவியாகவும், அரை மைலுக்குக் கீழே லயத்தில் இருந்தவருக்கு அதே காற்று சளியாகவும் ஆனதென்றால், குற்றத்தைக் காற்றிலே தேடுவது நியாயமாகாது.

லயத்தை அறியாதவர்களுக்காக அதைச் சற்று வர்ணிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட ஒரு கட்டடம். அதைப் பத்துப் பன்னிரண்டாகத் தடுத்த காம்பராக்கள். பல லயங்களில் முதுகோடு முதுகாக ஒட்டிய மற்றொரு வரிசைக் காம்பராக்கள். காம்பராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு குறுகிய இஸ்தோப்பு. பின்பக்கம் அடுத்த குடும்பத்தின் சுவர். ஆகையால் காற்று ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் போகும் வழி கிடையாது. அதற்குள்ளே அடுப்பும் விறகும், கோழியும், தாய் தகப்பனும், நாலைந்து பிள்ளைகளும், சில வேளை ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினரும். குளிர்காலத்திலே கதவைச் சாத்தினால் புகை வெளியே போகாது. திறந்தால் பனி உள்ளே வரும். ஜனங்கள் புகையையே தெரிந்தெடுத்தார்கள். ஒரு பிள்ளை தும்மினால் மூன்றாம் நாள் காம்பரா முழுதும் தும்மும். ஏழாம் நாள் லயம் முழுதும் இருமும்.

ஜலதோஷம் குளிரால் வருவதைக் காட்டிலும், மூடிய சிறு அறைகளிலும் வண்டிகளிலும் நெருங்கி உட்கார்ந்து ஒருவர் மூச்சை ஒருவர் இழுப்பதால் தொற்றுகிறது என்று அமெரிக்கராகிய பெஞ்சமின் பிராங்க்ளின் 1773ஆம் ஆண்டிலேயே ஒரு வைத்திய நண்பருக்கு எழுதியிருந்தார். ஊவாவிலே முதல் லயம் கட்டப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது அந்தக் கடிதம். லயத்தைக் கட்டியவர்கள் அதைப் படித்திருக்கமாட்டார்கள். படித்திருந்தாலும் கட்டடச் செலவு குறைந்திருக்காது.

இனி, நோயாளிக்குச் சட்டம் என்ன செய்தது என்று பார்க்கலாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், தகுந்த காரணமின்றி வேலைக்கு வராமலிருப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்தத் தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கத்திலேதான் நீங்கின. 1872இல் முதல் மருத்துவத் தேவைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. 1912இல் 9ஆம், 10ஆம் இலக்கச் சட்டங்கள் பிறந்தன. சொந்தமாக மருந்துச்சாலையும் ஆஸ்பத்திரியும் நடத்திய தோட்டங்களுக்கு வரியிலே சலுகை கிடைத்தது. இவற்றால் நன்மை விளைந்ததை மறுக்க முடியாது. காய்ச்சலில் விழுந்தவனைத் தூக்கிச் செல்ல ஓர் இடம் ஏற்பட்டது. ஆனால் எழுந்து நிற்கக் கூடியவனும் நடக்கக் கூடியவனும், கண்ணில் நீரும் மூக்கில் நீருமாக, தலை இரும்பாய்க் கனக்க நிற்பவனுமாகிய ஜலதோஷக்காரன், இந்தச் சட்டங்களின் கண்ணுக்கு வியாதிக்காரனும் அல்லன், ஆரோக்கியவானும் அல்லன். மூக்கொழுகுவது தகுந்த காரணமா என்ற கேள்விக்கு எந்தச் சட்டமும் விடை சொல்லவில்லை. விடை சொன்னது பிரட்டுக்களம்.

விடியுமுன்னே தப்புச் சத்தம் கேட்கும். இருட்டோடு இருட்டாக எல்லோரும் பிரட்டுக்களத்தில் வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செக்றோல் என்னும் வருகைப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். இன்ன மலைக்குக் கொழுந்து, இன்ன மலைக்குக் கவ்வாத்து என்று வேலை பிரியும். வந்தவருக்குப் பேர் விழும். பேர் விழுந்தால் அன்றைய சம்பளம். பாதியில் திரும்பினால் அரைப்பேர். வராவிட்டால் ஒன்றும் இல்லை. அந்தப் புத்தகத்திலே பேர் உண்டு, பேர் இல்லை என்பவற்றுக்கு மட்டுமே இடம். சளி என்று எழுத ஒரு கட்டமும் கிடையாது. இருமிக்கொண்டே மலை ஏறியவளும், சிரித்துக்கொண்டே மலை ஏறியவளும் செக்றோலில் ஒன்றுதான். ஜலதோஷத்தை அறிந்த வைத்தியர்கள் எந்த நாட்டவரானாலும், எந்தக் காலத்தவரானாலும், சொல்கிற முதற் புத்தி இரண்டே: உடம்பைச் சூடாக வைத்துக்கொள், இரண்டு நாள் ஓய்ந்திரு. தோட்டம் தர முடியாமற்போனவையும் அவ்விரண்டுமே. அவற்றுக்குப் பதிலாக ஜனங்கள் தாமே தேடிக்கொண்டவை கம்பளியும் கொத்தமல்லியும்.

கம்பளியைத் தோட்டம் கொடுத்தது என்று சொல்வது பாதி உண்மை. கறுப்பு நிறமும், கைபட்டால் உறுத்துகிற முரட்டு உரோமமுமாகிய அந்தத் துப்பட்டியைக் கொடுத்துவிட்டு, அதன் விலையை அரிசிக் கணக்கோடும் முன்பணக் கணக்கோடும் சேர்த்துப் பற்றெழுதிக் கொண்டார்கள். தலையிலிருந்து முதுகு வழியே முழங்கால் வரை தொங்கவிட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி, இடுப்பிலே படங்கு என்னும் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டால், கொழுந்துக்காரியின் கோலம் பூரணமாகும். ஆட்டு உரோமத்துக்கு ஒரு குணம் உண்டு. நனைந்த பிறகும் அது சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். பருத்தித் துணி நனைந்தால் உடம்பின் உஷ்ணத்தை உறிஞ்சும். கம்பளி அவ்வாறு செய்வதில்லை. ஆனால் மழையைக் குடித்த கம்பளி கல்லைப்போலக் கனக்கும். அந்தக் கனத்தோடு மாலை வரை நின்று, இரவிலே அதை அடுப்புக்கு மேலே கட்டிய கொடியிற் போட்டு, பாதி காய்ந்ததும் எடுத்துப் பிள்ளைகளுக்குப் போர்த்தினார்கள். பகலிலே மழைச்சட்டை, இரவிலே போர்வை, பிள்ளை பிறந்தால் தொட்டிலுக்கு அடியிலே விரிப்பு. ஒரே கம்பளி இத்தனை உத்தியோகமும் பார்த்தது.

மற்றும் ஓர் உத்தியோகத்தை நான் என் அனுபவத்தாலே அறிவேன். ஊரிலே சளிக்கு நொச்சியிலையை வேகவைத்து வேது பிடிப்பது வழக்கம். மலையிலே நொச்சியைத் தேடிக் காண்பது அரிது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காற்றைத் தடுப்பதற்கும் ஸ்டோரில் அடுப்பெரிப்பதற்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து யூக்கலிப்டஸ் மரங்களைத் தருவித்துத் தோட்டங்களிலே நட்டிருந்தார்கள். துரைமார் விறகுக்காக வைத்த மரத்திலே எங்கள் ஜனங்கள் மருந்தைக் கண்டுகொண்டார்கள். என் அம்மாயி, வேலையிலிருந்து வரும்போதே முந்தானையில் ஒரு கைப்பிடி இலை முடிந்து வருவாள். மண்சட்டியிலே தண்ணீர் கொதித்ததும் இலையைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, அறையின் நடுவே வைத்து, என்னை அதன் முன்னே உட்கார்த்தி, தன் கம்பளியை என் தலையோடு மூடுவாள். உள்ளே இருட்டு, கண்ணைக் கரிக்கும் ஆவி, ஈர உரோமத்தின் ஆட்டுவாடையும் இலையின் வாசனையும் கலந்த ஒரு நெடி.

"சுடுது அம்மாயி."

"சுடத்தான் செய்யும் ராசா. கண்ண மூடிக்கிட்டு மூச்ச இழு. சட்டிய மட்டும் தொட்டுறாத."

சட்டியைத் தன் இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே அவள் இப்படிச் சொல்வாள். வேது பிடிக்கப்போன குழந்தைகள் கொதிநீரைக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோவதுண்டு என்பதையும், ஆகையால் சிறு பிள்ளைகளுக்கு வேது ஆகாது என்பதையும் பிற்காலத்து வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை அம்மாயியின் பாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது போலும்.

வேதுக்குப் பிறகு கொத்தமல்லி. தமிழ்நாட்டிலே சளிக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய திரிகடுகமே பிரதானம். இலங்கையிலோ, எந்த ஜாதியார், எந்த மதத்தார் வீட்டிலானாலும் சளி என்றதும் முதலில் வறுபடுவது கொத்தமல்லி. மல்லியை வெறுஞ்சட்டியில் வாசனை எழும்வரை வறுத்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, நாலு கோப்பை நீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை அவித்து, வடித்து, பனங்கருப்பட்டியோ சர்க்கரையோ கடித்துக்கொண்டு குடிப்பார்கள். ஊவாவின் சிங்கள வைத்தியர்கள் இதோடு மரமஞ்சள், கண்டங்கத்திரி, பற்பாடகம் ஆகியவற்றைச் சேர்த்து ஐந்து பங்காக அவிப்பார்கள். அதற்குப் பஸ்பங்குவ என்று பெயர். மரமஞ்சளை அவர்கள் வெனிவெல் என்பார்கள், கண்டங்கத்திரியைக் கட்டுவெல்பட்டு என்பார்கள். பற்பாடகத்தின் பெயர் மட்டும் இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒன்றே. பதுளைக் கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடையிலே, தோட்டத்துத் தமிழச்சியும் கிராமத்துச் சிங்களத்தியும் அருகருகே நின்று ஒரே பொட்டலத்தை வாங்கிச் செல்வதை, பாஷையாலும் சட்டத்தாலும் பிரிந்து நின்ற இரண்டு ஜனங்களின் சரித்திரத்திலே ஒரு சிறு சேதியாகவேனும் குறித்துக்கொள்ளலாம். கொத்தமல்லி இலங்கையில் அதிகம் விளைவதில்லை. அதுவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான்.

இவை இரண்டும் பலிக்காதபோது டிஸ்பென்சரிடம் போனார்கள். தோட்டத்து ஜனங்கள் அவரை டாக்டரையா என்றே அழைத்தார்கள். காலையிலே மருந்துச்சாலைச் சன்னலின் முன்னே வரிசை நிற்கும், வரிசையில் நின்றவரைப் பார்த்து அவர் கேட்கும் முதற் கேள்வி, "போத்தல் கொண்டு வந்தியா?" என்பது. போத்தல் இருந்தால் இருமல் மிக்சர்; இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் போத்தலோடு வர வேண்டும். அந்தக் கபில நிற மிக்சர் சளியைக் குணப்படுத்தியதோ இல்லையோ, அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த துண்டு ஒன்று உண்மையான ஒளஷதமாக இருந்தது. அதைக் காட்டினால் அன்று பிரட்டுக்கு வராததற்குக் காரணம் கேட்கமாட்டார்கள். சளிக்கு அந்தத் துண்டு எளிதிற் கிடைக்காது. காய்ச்சல்மானி ஏறினால்தான் துண்டு. சாதாரண ஜலதோஷமோ வளர்ந்தவர்களுக்குக் காய்ச்சலைத் தருவது அபூர்வம்.

அற்ப வியாதி என்று அலட்சியம் செய்யப்பட்ட இதற்கு ஒரு பயங்கரமான உறவினன் உண்டு என்பதை ஜனங்கள் 1918ஆம் ஆண்டின் இறுதியிலே கண்டார்கள். மூக்கொழுக்கும் தொண்டைவலியுமாகத் தொடங்கி, மூன்றாம் நாள் மார்பை அடைத்து, திடகாத்திரமான வாலிபர்களையே முதலில் வாரிக்கொண்டு போன இன்புளுவென்சாக் காய்ச்சல், 1919இன் தொடக்கத்திலே இரண்டாம் அலையாகவும் இலங்கையைத் தாக்கியது. அக்காலத்திலே எண்ணிய கணக்கைக் காட்டிலும் உண்மையான இழப்பு மிக அதிகம் என்றும், ஏறக்குறைய மூன்று லட்சம் ஜனங்கள் அளவில் இலங்கை இழந்திருக்கக்கூடும் என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகிறார்கள். ஜலதோஷமும் இன்புளுவென்சாவும் வெவ்வேறு கிருமிகளால் வருபவை. ஆயினும் இரண்டுக்கும் வாசல் ஒன்றே: மூடிய அறை, நெருங்கிய மூச்சு, தொட்ட கை. ஜலதோஷம் பல தலைமுறையாக லயத்திலே நடந்து நடந்து தேய்த்து வைத்த பாதையிலேதான் அந்தக் கொள்ளைநோயும் நடந்து வந்தது.

அந்தப் பாதையைச் சாஸ்திரம் அறிந்துகொண்ட விதமும் சுவாரசியமானது. 1914இல் லைப்சிக் நகரத்து வால்ட்டர் குரூசே என்பவர், சளிபிடித்தவனின் மூக்குநீரைப் பாக்டீரியாக்கள் புகமுடியாத வடிகட்டியிலே வடித்து, வடிந்த நீரை ஆரோக்கியவான்களின் மூக்கில் இட்டார். அவர்களிற் சிலருக்குச் சளி பிடித்தது. பாக்டீரியாவிலும் நுண்ணிய ஒன்று இருப்பது அதனால் தெரிந்தது. 1946இல் இங்கிலாந்தின் ஸால்ஸ்பரி நகருக்கருகே ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, 1990 வரையில் நடந்தது. அங்கே, தாமாக முன்வந்தவர்களை வெந்நீரிற் குளிப்பாட்டி, ஈரத்தோடு காற்றோட்டமான நடைகூடத்தில் நடுங்க நிற்கச் செய்து, ஈரக் காலுறையையும் அணியச் செய்து பார்த்தார்கள். நனைந்ததனாலே சளி அதிகம் பிடித்ததாகக் காணவில்லை. 1956ஆம் ஆண்டில் ரைனோவைரஸ் என்னும் முக்கியமான கிருமி பிடிபட்டது. அதன் வகைகள் நூற்று அறுபதுக்கு மேற்பட்டவை என்பது பின்னர் தெளிந்தது. ஒரு வகைக்கு உடம்பு எதிர்ப்பைப் பழகிக்கொண்டால் அடுத்த வகை காத்திருக்கும். ஜலதோஷத்துக்குத் தடுப்பூசி இல்லாத காரணம் அது.

இதைக் கேட்டு, மழையின்மேல் பழிபோட்ட நம் முன்னோர் அறியாதவர்கள் என்று சிரிக்க அவசரப்பட வேண்டாம். 2005ஆம் ஆண்டில் கார்டிப் நகரிலே 180 பேரைக் கொண்டு மறுபடியும் சோதித்தார்கள். இருபது நிமிஷம் குளிர்நீரிலே பாதங்களை வைத்திருந்தவர்களுக்கு, அடுத்த சில நாட்களிலே, வைக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சளிக்குறிகள் தோன்றின. மூக்கிலே ஏற்கனவே பதுங்கியிருக்கும் கிருமிக்குக் குளிர் இடங்கொடுக்கிறது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அந்தக் கிருமி உடம்பின் உள்வெப்பத்தைக் காட்டிலும் மூக்கின் குளிர்ந்த வெப்பத்திலே நன்றாகப் பெருகும் என்பதும் அறிந்த விஷயம். கிருமியைக் கொடுத்தது காம்பரா. அதற்குக் கதவைத் திறந்துவிட்டது மழை. அம்மாயிக்குப் பாதி உண்மை தெரிந்திருந்தது. மறுபாதி, அவள் மாற்றக்கூடியதாக இருக்கவில்லை.

இன்று ஜலதோஷத்துக்கு வைத்தியர்கள் சொல்வது மிகச் சுருக்கமானது. ஒரு வாரம் பத்து நாளில் அது தானே போய்விடும். கிருமிகொல்லி மாத்திரை அதன்மேல் செல்லாது. வீணாக விழுங்கினால், உண்மையாகவே வேண்டும்போது அது பயன்படாமற்போகும். வெந்நீரும் கஞ்சியும் கஷாயமும் தொண்டைக்கு இதமளிக்கும், உப்புநீரிலே கொப்பளிக்கலாம், ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், சன்னலைத் திறந்து வைப்பதும், அடுப்புப் புகையைப் படுக்குமிடத்திலிருந்து விலக்குவதும் மற்றவர்களைக் காக்கும். குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அது ஜலதோஷம் என்ற பெயருக்குள் அடங்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முடிவாக, ஓய்வு. இந்தப் பட்டியலிலே கொத்தமல்லிக்கும் வெந்நீருக்கும் காசு அதிகம் வேண்டாம். சன்னலுக்கும் தனி அடுப்பறைக்கும் வீடு வேண்டும். ஓய்வுக்கோ சம்பளம் வேண்டும்.

ஊவாவிலே பல இடங்களில் புது வீடுகள் எழும்பியிருக்கின்றன, லயங்களும் இருக்கின்றன. கம்பளி ஏறக்குறைய மறைந்து, பிளாஸ்டிக் விரிப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. அது மழையை நன்றாகத் தடுக்கும், சூட்டைத் தராது, இரவிலே போர்த்தவும் உதவாது. ஐந்து மூலிகையும் தூளாகிச் சிறு பொட்டலத்திலே கடையில் தொங்குகின்றன. தப்புச் சத்தம் நின்றுவிட்டது. பேர் விழுவது நிற்கவில்லை. கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பது இன்றும் பேச்சிலே உண்டு.

எனக்கு வேது பிடித்த இரவுகளுக்கு மறுநாட் காலைகள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. ஐப்பசி மழை தகரத்தில் அறைந்துகொண்டிருக்கும். எனக்கு வந்த சளி அதற்குள் அம்மாயிக்கும் வந்திருக்கும். அவள் குரல் கம்மியிருக்கும். நீ எழும்பாதே, இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், கதகதப்பாகப் படுத்திரு என்று என்னிடம் சொல்லிவிட்டு, எனக்கு வடித்துக் கொடுத்த கொத்தமல்லியின் அடி மண்டியிலே இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தான் குடிப்பாள். பிறகு கொடியிலிருந்து கம்பளியை எடுத்து உதறுவாள். இரவு என் தலையை மூடியிருந்த ஆவியிலே அது நனைந்து, விடிந்தும் காயாமல், யூக்கலிப்டஸ் வாசனை வீசும். அந்த ஈரத்தோடே அதைத் தலையிற் போட்டுக்கொண்டு, இஸ்தோப்பில் ஒரு தரம் இருமிவிட்டு, பேர் வாசிக்குமுன் போய்ச் சேர்வதற்காக இருட்டிலே இறங்கி நடப்பாள்.